ஆர்.சி. கார் ரேடியோ செட்டிங்: டெல்டாப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படியும் இரண்டு ஆர்.சி. கார்கள், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் குட்டிக் கார்கள், கவிழ்ந்து கிடக்கும். ஒன்று என்னுடையது. இன்னொன்று மன்னார்குடியிலிருந்தோ வலங்கைமானிலிருந்தோ யாராவது "ரிமோட் போயிடுச்சுண்ணே" என்று தூக்கிக்கொண்டு வந்தது. உண்மையில் ரிமோட் போயிருப்பது அபூர்வம். ஸ்டியரிங்கின் நடு தப்பியிருக்கும், இல்லையென்றால் ஒரு ஒயர் இடம் மாறியிருக்கும். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் வந்தவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

திருவிழாக் கடையில வாங்குன ரிமோட் கார் இருக்கு. அதுலயே நல்ல ரேடியோ மாட்டலாமா?

பிடிவாதமாக மாட்டியவர்கள் உண்டு. நான் மாட்டித் தரமாட்டேன். பொம்மைக் காரில் ரிசீவர், மோட்டாரை ஓட்டும் பகுதி எல்லாம் ஒரே போர்டில் ஒட்டியிருக்கும். ஸ்டியரிங் என்றால் முழு இடது, முழு வலது, இல்லையேல் நேர். நடுவில் எதுவும் கிடையாது. ஹாபி கார் அப்படி இல்லை. கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர், காருக்குள் ரிசீவர், திருப்புவதற்கு சர்வோ, மோட்டாருக்குப் போகும் கரண்டை அளந்து கொடுக்கும் இஎஸ்சி என்று நாலும் தனித்தனி. எது கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். வீலைக் கால்வாசி திருப்பினால் டயரும் கால்வாசிதான் திரும்பும்.

பொம்மைக் காரை அப்படியே ஓட்டட்டும், பையன் சந்தோஷமாக இருப்பான். ஆசை முற்றினால் பழைய ஹாபி கார் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

சேனல், சேனல்ங்கிறாங்களே, அது என்ன? எத்தனை சேனல் வேணும்?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சேனல் என்றாலே வாய்க்கால்தானே. மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் வந்து நிற்கிறது. அங்கிருந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போகிறது. ரிசீவர் அந்தத் தலைப்பு மாதிரி. காற்றில் வருவது ஒரே சிக்னல். அதைப் பிரித்து முதல் வாய்க்காலில் ஸ்டியரிங்குக்கும், இரண்டாவதில் இஎஸ்சிக்கும் அனுப்புகிறது.

காருக்கு இரண்டு போதும். மூன்றாவது இருந்தால் விளக்குப் போடலாம், இரண்டு கியர் உள்ள வண்டியில் கியர் மாற்றலாம். ஆறு சேனல் ரேடியோவை வாங்கிவிட்டு நாலை என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

27 மெகாஹெர்ட்ஸ் பழைய செட் ஒண்ணு சும்மா கிடைக்குது. வாங்கலாமா? 2.4-க்கு லைசன்ஸ் வேணுமா?

சும்மா கிடைத்தால் அலமாரியில் வைக்க வாங்கலாம். அந்தக் காலத்து 27 மெகாஹெர்ட்ஸ் செட்டில் கிரிஸ்டல் என்று ஒரு ஜோடி வரும். ஒன்று ரிமோட்டில், ஒன்று ரிசீவரில். ஒரே கிரிஸ்டல் வைத்த இரண்டு பேர் ஒரே மைதானத்துக்கு வந்தால் அவன் ட்ரிகர் இழுக்க என் கார் ஓடும். அதற்காகவே ஏரியலில் கலர் கலராகக் கொடி கட்டிவைப்பார்கள், யார் எந்த அலைவரிசை என்று தெரிய.

2.4 கிகாஹெர்ட்ஸ் வந்ததும் அந்தத் தலைவலி ஒழிந்தது. இப்போது வரும் பெரும்பாலான செட்டுகள் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருக்கும். எந்த வரிசையில் தாவுவது என்பது உங்கள் ரிமோட்டுக்கும் உங்கள் ரிசீவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். 1942-ல் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் சேர்ந்து வாங்கிய காப்புரிமையில் இந்தத் தாவல் யோசனை இருக்கிறது. எதிரி குறுக்கிட முடியாதபடி டார்ப்பிடோவை ரேடியோவில் ஓட்டுவதற்காக யோசித்தது. பியானோவில் இருக்கும் கட்டைகளின் எண்ணிக்கைக்கே 88 அலைவரிசை வைத்திருந்தார்கள். ஸ்டூடியோ மேக்கப் அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருப்பாரா என்று ஹெடி லமார் படம் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

லைசன்ஸ் தேவையில்லை. 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்திய அரசு 2005-லேயே விலக்கு கொடுத்துவிட்டது. உங்கள் வீட்டு வைஃபையும் அதே பட்டையில்தான் ஓடுகிறது.

துப்பாக்கி மாதிரி ரிமோட்டா, ரெண்டு குச்சி வச்ச ரிமோட்டா?

காருக்குத் துப்பாக்கிதான். இடது கையில் பிடி, சுட்டுவிரலில் ட்ரிகர், வலது கையில் சின்ன வீல். ட்ரிகரை இழுத்தால் முன்னே, தள்ளினால் பிரேக், பிறகு ரிவர்ஸ். ஏற்கெனவே விமானம் ஓட்டி விரல் பழகியவர்களுக்குக் குச்சியே வசதி. இடதுகைக்காரர்கள் முதலில் நண்பனின் ரிமோட்டை அரை மணி நேரம் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில மாடல்களில் வீலை மறுபக்கம் மாற்றலாம், எல்லாவற்றிலும் முடியாது.

எந்த ஒயரை எதுல சொருகுறது? தலைகீழா சொருகினா புகைஞ்சிடுமா?

சர்வோ ஒயரை முதல் சேனலில், இஎஸ்சியிலிருந்து வரும் மூன்று கம்பி ஒயரை இரண்டாம் சேனலில் சொருகுங்கள். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் நெகட்டிவ், நடுவில் சிவப்பு பாசிட்டிவ், மூன்றாவதாக இருக்கும் வெள்ளையோ மஞ்சளோ ஆரஞ்சோதான் சிக்னல். கலர் புரியாவிட்டால் மூன்றில் எது வெளிறியதோ அது சிக்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் மேல் எந்த ஓரம் சிக்னல் என்று குறி இருக்கும்.

சிவப்பு நடுவில் இருப்பதால் திருப்பிச் சொருகினால் பெரும்பாலும் எதுவும் எரியாது, வேலை செய்யாது அவ்வளவுதான். ஆனால் மெயின் பேட்டரியைத் திருப்பிச் சொருகினால் இஎஸ்சி அந்த நிமிடமே போய்விடும். அந்த வாசனை ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

ரிசீவருக்குத் தனியாக பேட்டரி வேண்டாம். இஎஸ்சிக்குள் பிஇசி என்று ஒரு பகுதி பேட்டரி வோல்ட்டை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்து, அதே மூன்று கம்பி ஒயரில் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தருகிறது. யாராவது ரிசீவருக்கென்று தனி பேட்டரி வைத்தால் இஎஸ்சி ஒயரின் சிவப்புக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் மடை திறக்கக்கூடாது.

பைண்ட் ஆகவே மாட்டேங்குது!

பைண்ட் என்பது ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் போடும் முடிச்சு. ஒருமுறை போட்டால் போதும், ஒவ்வொரு நாளும் போட வேண்டியதில்லை. ரிசீவரின் பைண்ட் துளையில் குட்டி பிளக்கைச் சொருகி காரை ஆன் செய்யுங்கள். விளக்கு வேகமாக மின்னும். ரிமோட்டின் பைண்ட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்யுங்கள். மின்னல் நின்றதும் இரண்டையும் அணைத்து, குட்டி பிளக்கை மறக்காமல் பிடுங்கி, மறுபடி ஆன் செய்யுங்கள். சில செட்டில் பிளக்குக்குப் பதில் பட்டன் இருக்கும், சிலவற்றில் மெனுவில் போக வேண்டும்.

ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ரிமோட்டும் ரிசீவரும் வேறு வேறு மொழி பேசுபவை. ஃபுடாபா ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை ரிசீவர் சேராது. ஒரே கம்பெனிக்குள்ளேயே பழைய முறை, புதிய முறை என்று இரண்டு இருக்கும், அவையும் சேராமல் போகலாம். இரண்டு, ரிமோட்டையும் காரையும் ஒட்டிவைத்துக்கொண்டு முயற்சி செய்வது. ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். காதுக்குள் வாய் வைத்துக் கத்தினால் என்ன சொன்னார்கள் என்று புரியுமா?

முதல்ல எதை ஆன் பண்ணணும்?

முதலில் ரிமோட், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு ரிமோட். கார் உயிரோடு இருக்கும் நேரம் முழுக்க ரிமோட்டும் உயிரோடு இருக்க வேண்டும். ஆட்டத்தை முடித்துவிட்டுப் பையன்கள் முதலில் அணைப்பது கையில் இருக்கும் ரிமோட்டைத்தான். அந்தப் பழக்கத்தை முதல் நாளே உடைத்துவிடுங்கள்.

ரிமோட்டைத் தொடாமலே கார் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே போகுது. டிரிம் வச்சு சரி பண்ணலாம்ல?

வேண்டாம். இந்தப் பக்கம் முழுக்க ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை மட்டும் படியுங்கள்.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தட்டினாலும் நிமிர்ந்து நிற்கும். பாரம் அடியில் சரியாக நடுவில் இருப்பதால் அது நிமிர்கிறது. பாரத்தைக் கொஞ்சம் ஓரமாக ஒட்டிவிட்டால் என்ன கலர் அடித்தாலும் சாய்ந்துதான் நிற்கும். ரிமோட்டிலிருந்தே நடுவைக் கொஞ்சம் நகர்த்தும் டிரிம் என்பது கலர் அடிக்கிற வேலை. சர்வோவின் நடு சரியாக உட்காராவிட்டால் டிரிம்மை ஒரு பக்கம் தள்ளித் தள்ளி, கடைசியில் இடது பக்கம் நன்றாக வளையும், வலது பக்கம் லாரி மாதிரி அகலமாகத் திரும்பும்.

எப்படி உட்கார வைப்பது? ரிசீவர் சர்வோவுக்கு அனுப்புவது சின்னச் சின்னத் துடிப்புகள். துடிப்பின் நீளம் 1.5 மில்லிசெகண்ட் என்றால் நடு. அது 1-ஐ நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கம், 2-ஐ நோக்கிக் கூடினால் மறுபக்கம். சர்வோ அதைக் கேட்டு அந்த இடத்துக்கு வந்து நிற்கும். ஆகவே முதலில் சர்வோவுக்கு நடு எது என்று சொல்லிவிட்டுத்தான் அதன் தலையில் ஹார்ன் என்னும் குட்டிக் கையை மாட்ட வேண்டும். நிறையப் பேர் ஹார்னை மாட்டி, திருகி, டயர்ப் பக்கம் போகும் லிங்க் ராடும் (இணைப்புக் கம்பி) போட்டுவிட்டு அப்புறம் ஆன் செய்கிறார்கள்.

முதலில் ஹார்னைக் கழற்றுங்கள். ரிமோட்டில் டிரிம், மெனுவுக்குள் இருக்கும் நுண்ணிய சப்-டிரிம் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். ஆன் செய்து வீலை விட்டுவிடுங்கள். சர்வோ ஒருமுறை உறுமி நின்றுவிடும். அதுதான் நடு. இப்போது ஆன் ஆகியிருக்கும்போதே, லிங்க் ராடுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கும்படி ஹார்னை வையுங்கள்.

சரியாக நிற்காது. பயப்படாதீர்கள், யாருக்கும் நிற்காது. ஃபுடாபா வகை சர்வோத் தலையில் 25 பல். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 14.4 டிகிரி. உங்களுக்கு வேண்டிய இடம் இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்திருக்கும். இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. சர்வோ டப்பாவில் கூட்டல் குறி மாதிரி நாலு கை ஹார்ன் ஒன்று வரும். 25-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி வருகிறதல்லவா? அதனால் நாலு கையும் ஒரே மாதிரி உட்காராது. ஒவ்வொரு கையும் முந்தையதைவிட 3.6 டிகிரி நகர்ந்து நிற்கும். நாலையும் வைத்துப் பார்த்து, செங்குத்துக்கு மிக அருகில் வரும் கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் வெட்டிவிடுங்கள். எனக்கு இதைச் சொல்லித் தர ஆளில்லை. ஒரு வருஷம் சப்-டிரிம்மோடு மல்லுக்கட்டினேன்.

அதன் பிறகு லிங்க் ராடின் நீளத்தைத் திருகி டயர்களை நேராக்குங்கள். மிச்சம் இருக்கும் தலைமுடி அளவுக்கு மட்டும் சப்-டிரிம். ரிமோட்டின் மேல் கைக்கெட்டும் டிரிம் பட்டனை மைதானத்துக்கென்று பூஜ்யத்திலேயே விட்டுவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சான்வா வகை சர்வோவில் 23 பல். 25 பல் ஹார்னை அதில் அடித்து இறக்கினால் இறங்கும், கொஞ்ச நேரம் வேலையும் செய்யும். பிறகு பல் மழுங்கும்.

வீலை முழுக்கத் திருப்பினா சர்வோ 'ங்ஙீ'ன்னு கத்துது. சூடாகுது.

அது தன் உயிரைக் கொடுத்துக் கத்துகிறது. திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு எங்கே நிறுத்துவது, எங்கே திருப்புவது என்று தெரியாது. அவர்கள் வேலை இழுப்பது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் தீர்மானிக்கிறார். சர்வோவும் வடம் பிடிப்பவரைப் போலத்தான். டயர் இதற்கு மேல் திரும்பாது என்பது அதற்குத் தெரியாது. சொன்ன இடத்துக்குப் போயே தீர வேண்டும் என்று தள்ளிக்கொண்டே இருக்கும், பேட்டரியைக் குடித்துக்கொண்டே.

ரிமோட்டில் எண்ட் பாயிண்ட் என்று, சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சதவீதத்தில் சொல்லும் எண் இருக்கிறதே, அதுதான் உங்கள் முட்டுக்கட்டை. காரை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து டயர் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ட் பாயிண்டை இரண்டு பக்கமும் குறைத்து வைத்துத் தொடங்கி, வீலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிப் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டயர் நகர்வது நின்று சத்தம் மட்டும் கூடும் இடம் வந்ததும் இரண்டு படி பின்வாங்குங்கள். மறுபக்கம் தனியாக. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் 70-ம் 110-ம் என்று வந்தால் மேலே சொன்ன நடுவில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். திரும்பிப் போங்கள்.

டூயல் ரேட் வேறு. அது இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும், ஓடும்போதே விரலால் மாற்றலாம். எண்ட் பாயிண்ட் ஒருமுறை வைத்துவிட்டுத் தொடாமல் விட வேண்டியது.

வலதுன்னா இடதா போகுது.

ஸ்டியரிங் ரிவர்ஸ் சுவிட்சை மாற்றுங்கள். ஒயரைத் திருப்பிச் சொருகாதீர்கள்.

முன்னே இழுத்தா பின்னே போகுது. அதுக்கும் ரிவர்ஸ் சுவிட்சா?

இங்கே கொஞ்சம் நிதானம். பிரஷ் மோட்டார் என்றால் முதலில் மோட்டாரின் இரண்டு ஒயர் மாறியிருக்கிறதா பாருங்கள். அதை மாற்றினாலே திசை மாறும். பிரஷ்லெஸ் என்றால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்ற வேண்டும் (சென்சார் ஒயர் உள்ள மோட்டாரில் இதைச் செய்யக்கூடாது). ட்ரிகரின் ரிவர்ஸ் சுவிட்சைத் தொட்டால் இஎஸ்சியை மறுபடி பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் இருக்கும் பக்கம் வேகம் வந்துவிடும்.

பழக்குவது என்றால் நடு எது, முழு வேகம் எது, முழு பிரேக் எது என்று இஎஸ்சிக்குக் காட்டுவது. பெரும்பாலானவற்றில் செட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்து, ட்ரிகரை விட்டு ஒரு அழுத்து, முழுக்க இழுத்துப் பிடித்து ஒரு அழுத்து, முழுக்கத் தள்ளிப் பிடித்து ஒரு அழுத்து. வேலை நடக்கும்போது டயர் தரையில் இருக்கக்கூடாது. வீட்டுக்குள் செய்தால் சுவரைப் பார்த்துக் காரை வைக்காதீர்கள், பாட்டியைப் பார்த்தும் வைக்காதீர்கள்.

நம்ம பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கும் ஹாபிவிங் 1060 இஎஸ்சியில் இந்த வேலை கிடையாது. ஆன் ஆகும்போது ட்ரிகர் எங்கே இருக்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆன் செய்யும்போது ட்ரிகரில் விரல் வைக்காதீர்கள். அதில் இரண்டு குட்டி ஜம்பர்கள் உண்டு. ஒன்று ஓட்டும் முறைக்கு, ஒன்று பேட்டரி வகைக்கு. லைப்போ என்னும் லித்தியம் பேட்டரியைப் போட்டுவிட்டு ஜம்பரை நிக்கல் பேட்டரிக்கு விட்டுவைத்தால், செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் நிறுத்தாமல் உறிஞ்சும். பேட்டரி உப்பிப்போய் வந்து "கம்பெனி சரியில்லண்ணே" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ஜம்பரைத்தான்.

ஃபெயில்சேஃப் எதுக்கு? அதை விட்டுட்டா என்ன?

அதில் கோட்டை விட்டவன் கதையைச் சொல்கிறேன். விட்டவன் நான்தான். புது ரிசீவர் மாட்டி அவசரத்தில் எல்லாம் செட் செய்தேன். சிக்னல் அறுந்தால் கார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பதிந்தேன், அதுதான் ஃபெயில்சேஃப். ஆனால் அப்போது ட்ரிகர் டிரிம் லேசாக முன்பக்கம் தள்ளியிருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த 'லேசான முன்பக்கம்'தான் பதிவாகியிருக்கிறது. புரட்டாசி மாதம், கோரையாற்றங்கரையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ரிமோட்டின் பென்சில் செல்கள் தீர்ந்துபோயின. கார் நிற்கவில்லை. நடை வேகத்தில், யாரோ கூப்பிட்ட மாதிரி, நேராகப் படித்துறையை நோக்கிப் போனது. ஆள் ஓடினால் எட்டிப் பிடித்துவிடும் வேகம்தான். நான் ஓடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் கவிழ்ந்து, தண்ணீருக்குள் போய்விட்டது. குளித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் முங்கி எடுத்துக் கொடுத்தான். சர்வோவும் ரிசீவரும் பிழைத்தன, மோட்டார் பிழைக்கவில்லை.

ஃபெயில்சேஃபில் ட்ரிகர் நடுவில் அல்லது லேசான பிரேக்கில் இருக்க வேண்டும். பதிந்த பிறகு சோதியுங்கள். டயரைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகம் கொடுத்தபடியே ரிமோட்டை அணையுங்கள். டயர் நின்றால் சரி. ரிமோட் முதலில் அணைவது தப்பு என்று சொன்ன நானே அணைக்கச் சொல்வது இந்த ஒரு சோதனைக்கு மட்டும்.

மே மாசம் தூரம் நல்லா போச்சு. மார்கழியில அதே வயல்கிட்ட பாதி தூரத்துலயே துள்ளுது. ரிமோட் வீக் ஆயிடுச்சா?

ரிமோட் வீக் ஆகவில்லை, பயிர் வளர்ந்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரைத் தாண்டிப் போகத் திணறும். இடுப்புயரச் சம்பா, தாளுக்குள் தண்ணீர், அடியில் தேங்கிய தண்ணீர், மேலே பனி. காரோ தரையோடு தரையாக வரப்போரத்தில் ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத காருக்குச் சிக்னலும் சரியாகப் போகாது. வரப்பு மேலோ கப்பி ரோடு மேலோ ஏறி நின்று ரிமோட்டை மார்புயரத்தில் பிடியுங்கள்.

அடுத்தது ஆன்டெனா. இந்த அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு சுமார் 3.1 சென்டிமீட்டர். ரிசீவர் ஒயரின் நுனியில் தோல் உரித்த மாதிரி மெல்லியதாக இருக்கிறதே, அது அந்த அளவுதான். கேட்கிற காது அந்த நுனி மட்டுமே, மீதி ஒயர் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பழைய ரேடியோ பழக்கத்தில் நீளமாக இருக்கிறதே என்று நுனியை வெட்டியவர்கள் இருக்கிறார்கள். மடித்து டேப் ஒட்டியவர்களும் உண்டு. நுனியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு நிமிர்த்தி நிறுத்துங்கள், பேட்டரி ஒயரிலிருந்தும் உலோகத்திலிருந்தும் தள்ளி.

ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் ஒரு நண்பனைக் காரைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் வீலை ஆட்டிக்கொண்டே இருங்கள். டயர் நடுங்கத் தொடங்கும் தூரம்தான் இன்றைய எல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே கார் திரும்பிவிட வேண்டும்.

பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அதனாலதான் கார் வெட்டி வெட்டிப் போகுதுன்னு நினைக்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் பாவம், விட்டுவிடுங்கள். பம்ப்செட் மோட்டாரும் இல்லை. செல்போன் டவர் அடியில் நின்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம், 4ஜி-க்கு ஒதுக்கிய பட்டைகளில் ஒன்று 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை, நம் பட்டைக்குப் பக்கத்து வீடு. ஆனால் வெட்டி வெட்டிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் காருக்குள்ளேயே இருக்கிறது.

வேகம் கொடுத்துக்கொண்டே திருப்பும்போதுதான் வெட்டுகிறதா? அப்படியென்றால் பிஇசி தாக்குப்பிடிக்கவில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று எல்லோரும் போடும் எம்ஜி996ஆர் சர்வோ, 6 வோல்ட்டில் முட்டி நிற்கும்போது 2.5 ஆம்பியர் கேட்கும். பிஇசி 2 ஆம்பியர்தான் தரும் என்றால் அந்த நொடியில் வோல்ட் சரிகிறது, ரிசீவர் மயங்கி எழுகிறது. எண்ட் பாயிண்டைச் சரியாக வைத்தாலே பாதி நோய் போகும். மீதிக்குப் பெரிய பிஇசி.

பிரஷ் மோட்டார் என்றால், இரண்டு முனையிலிருந்தும் மோட்டார் உடம்புக்கு '104' என்று எழுதிய குட்டி செராமிக் கெபாசிட்டர் பற்றவைத்திருக்கிறதா பாருங்கள். அதன் அளவு 0.1 மைக்ரோஃபாரட். பிரஷ் பொறியிலிருந்து வரும் இரைச்சலை அது விழுங்கும். கும்பகோணத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் எந்தக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

எங்கே ஓட்டுறது? மண்ணும் தண்ணியும் ரேடியோவைக் கெடுக்குமா?

சம்பா அறுத்த பிறகு வயல் வெறும் தாளோடு கிடக்கிறது என்று இறங்காதீர்கள். அறுப்புக்கு முன்னாலேயே உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள், உற்றுப் பார்த்தால் இரண்டிலை தெரியும். அதன் மேல் டயர் ஓட்டினால் வரும் வசவு நியாயமானது. அதையும் எடுத்த பிறகு, சித்திரை வைகாசியில், கேட்டுக்கொண்டு ஓட்டலாம். பாளம் பாளமாக வெடித்த களிமண்ணில் சின்னக் கார் விழுந்தால் சக்கரம் சிக்கும். நெல் இல்லாத நாளில் உலர்களம் அருமையான இடம், பள்ளிக்கூட மைதானம் அதற்கடுத்து. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் ஆற்றோரமே வேண்டாம், மேலே படித்தீர்களே.

காய்ந்த வண்டல் மாவு மாதிரி எல்லா இடுக்கிலும் நுழையும். ரிசீவரை ஒரு சின்ன பலூனுக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டுவது பழைய வைத்தியம், இன்றும் பலிக்கிறது. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடற்கரை மணலில் மட்டும் நான் ஓட்டுவதில்லை. ஆசைப்பட்டு ஓட்டியே தீருவேன் என்றால் அன்று இரவே எல்லா பேரிங்கையும் கழற்றிக் கழுவுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் துருதான் பார்க்கும்.

எட்டு வயசுப் பொண்ணு ஓட்டணும்ங்குது. வேகத்தைக் குறைக்க முடியுமா?

ட்ரிகரின் எண்ட் பாயிண்டை முன்பக்கம் மட்டும் 40, 50-க்குக் குறையுங்கள். பிரேக் பக்கத்தைக் குறைக்காதீர்கள். எக்ஸ்போ இருந்தால் நடுப்பகுதியைக் கொஞ்சம் மந்தமாக்கலாம். என் அக்கா மகள் ஒரு வாரத்தில் "இது மெதுவா போகுது மாமா" என்றாள். மெனுவை அவளே கண்டுபிடிக்கும்வரை 50-லேயே இருந்தது.

எல்லாம் நீங்க சொன்னபடி செஞ்சேன். இன்னமும் நேரா போக மாட்டேங்குது.

ரிமோட்டைக் கீழே வையுங்கள். காரை அணைத்துத் தூக்கிப் பிடித்து, நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிவிடுங்கள். ஒன்று மட்டும் சீக்கிரம் நிற்கும். அதன் உட்பக்கம் அச்சில் வைக்கோல் சுற்றியிருக்கும்.